எட்டு பார் காட்டுது சார், ஆனா வேலை நடக்கல

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாயங்காலம் காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவர் ஒருவர் போன் செய்தார். கம்பெனி வேலையை விட்டுவிட்டு, வீட்டு கார் ஷெட்டிலேயே பழைய தேக்குக் கதவுகளைத் தேய்த்து, பாலிஷ் ஸ்ப்ரே அடித்துக் கொடுக்கும் தொழில் தொடங்கியிருக்கிறார். முதல் ஆர்டர் ஆறு கதவு. ஆவணியில் அந்த வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அது கம்ப்ரஸருக்கும் போய்விட்டது.

"சார், மீட்டர்ல எட்டு பார் காட்டுது. ஆனா சாண்டரை அழுத்தினா கால் நிமிஷம்தான் ஒழுங்கா ஓடுது, அப்புறம் தூங்கி வழியுது. கடைக்காரர் இதுவே தாராளம்னு சொன்னார். மெஷின் பழுதா சார்?"

மெஷினில் பழுதில்லை. நான் நடத்திய பாடத்தில்தான் பழுது. அழுத்தம் என்றால் விசை வகுத்தல் பரப்பு என்று கரும்பலகையில் எழுதி, பத்து கணக்குப் போட்டு, மணி அடித்ததும் போய்விட்டேன். நிமிடத்துக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று உங்களில் யாரையும் நான் ஒரு நாளும் கேட்டதில்லை. முப்பது வருஷம் பாதிப் பாடம்தான் நடத்தியிருக்கிறேன்.

கொல்லுப்பட்டறைத் துருத்தியை நினைத்துப் பாருங்கள். காற்று ஏராளம், அழுத்தம் சொற்பம். உலைக்கு அதுதான் வேண்டும். சைக்கிள் பம்ப் இதற்கு நேர் எதிர். அழுத்தம் நிறைய, காற்று ஒரு கை அளவு. ஒரு கருவியை நாள் முழுக்க ஓட்ட வேண்டுமென்றால் துருத்தியின் அளவும் வேண்டும், பம்பின் அழுத்தமும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பதுதான் கஷ்டம்.

அந்தக் கஷ்டத்தை மனிதர்கள் பெரிய அளவில் சந்தித்த இடம் ஆல்ப்ஸ் மலை. பிரான்சையும் இத்தாலியையும் இணைக்கும் ஃப்ரெஜுஸ் ரயில் சுரங்கம், மோன் செனி சுரங்கம் என்றும் சொல்வார்கள். 1857-ல் வேலை தொடங்கியது. நீளம் 12 கிலோமீட்டருக்கு மேல். தலைக்கு மேல் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான மலை இருந்ததால், நடுவில் கிணறு மாதிரி வெட்டி இறங்க வழியில்லை. இரண்டு முனைகளிலிருந்து மட்டும்தான் குடைய முடியும். முதல் சில ஆண்டுகள் உளியும் சம்மட்டியும்தான். அந்த வேகத்தில் போனால் ஒரு தலைமுறையே கழிந்துவிடும். நீராவி இயந்திரத்தை உள்ளே கொண்டுபோனால் புகையிலேயே ஆட்கள் செத்துப்போவார்கள்.

பொறுப்பில் இருந்த பொறியாளர் ஜெர்மெய்ன் சோமெய்யே, சவாய் நாட்டுக்காரர். கிராந்திஸ், கிரத்தோனி என்று இரண்டு கூட்டாளிகள். சுரங்கத்துக்குக் காற்றைப் பயன்படுத்தலாம் என்று ஜெனிவாவின் கொல்லடோன் முன்பே சொல்லியிருந்தார். இவர்கள் அதைச் செய்து காட்டினார்கள். மலையோடையின் தண்ணீர் விழும் வேகத்தாலேயே வெளியே காற்றை அமுக்கி, இரும்புக் குழாய் வழியாக உள்ளே அனுப்பினார்கள். பர்தொனேக்கியா பக்கம் 1861-ல் காற்றுத் துளைப்பான்கள் ஓடத் தொடங்கின, மோதான் பக்கம் 1863-ல். ஒரே வண்டியில் பல துளைப்பான்களைக் கட்டிப் பாறை முகத்துக்குத் தள்ளுவார்கள். துளை போட்டதும் வண்டியைப் பின்னால் இழுத்துவிட்டு வெடிமருந்து வைப்பார்கள். கருவியிலிருந்து வெளியேறும் காற்றுதான் உள்ளே இருப்பவர்களுக்கு மூச்சுக்காற்று. இதைப் படித்த அன்று எனக்குச் சிலிர்த்தது.

நம் கதைக்கு வேண்டியது இதுதான். அவர்கள் தலையை உடைத்துக்கொண்டது துளைப்பானோடு மட்டுமல்ல, காற்றைத் தயாரிக்கும் இயந்திரத்தோடும்தான். முதலில் வைத்தவை தண்ணீர் நேராக விழுந்து காற்றை அமுக்கும் நீர்த்தூண் இயந்திரங்கள். பிறகு நீர்ச்சக்கரம் ஓட்டும் பம்ப் வகைக்கு மாறினார்கள். பாறையைத் துளைப்பது நாள் முழுக்க நிற்காத வேலை. எவ்வளவு பெரிய தொட்டி வைத்தாலும் அது கொஞ்ச நேரத்துக்குத்தான் தாங்கும். செலவாகிற வேகத்திலேயே காற்று தயாராகிக்கொண்டிருக்க வேண்டும். 1870 டிசம்பர் கடைசியில் இரண்டு பக்கமும் சந்தித்தன. 1871 செப்டம்பரில் சுரங்கம் திறந்தது. சோமெய்யே அதே வருஷம் ஜூலையிலேயே இறந்துவிட்டார்.

இந்தச் சுரங்கத்தைப் பற்றிப் பத்திரிகையில் படித்த அமெரிக்க இளைஞர் ஒருவர், மலைக்குள் இத்தனை தூரம் காற்று போகுமென்றால் ரயில் பெட்டிகளுக்கும் போகாதா என்று யோசித்தார். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். 1869-ல் ஏர் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோது வயது 22. அந்த முதல் பிரேக்கில் காற்று முழுவதும் எஞ்சினில் இருந்தது. டிரைவர் திறந்துவிட்டால் முன்பெட்டி முதலில் பிடிக்கும், கடைசிப் பெட்டிக்குக் காற்று போய்ச் சேரத் தாமதமாகும். நடுவில் குழாய் கழன்றால் பிரேக்கே கிடையாது. 1872-ல் அவர் இதைத் தலைகீழாக மாற்றினார். ஒவ்வொரு பெட்டிக்கு அடியிலும் ஒரு சின்னத் தொட்டி. ஓடும்போதே அது நிரம்பியிருக்கும். குழாயில் அழுத்தம் குறைந்தால் அந்தந்தப் பெட்டி தன் தொட்டிக் காற்றிலேயே பிரேக் பிடிக்கும். நம் ஊர் ரயில்கள் ரொம்ப காலம் வேக்குவம் பிரேக்கில் ஓடிவிட்டுப் பிறகு இதற்கு மாறின. அடுத்த முறை பிளாட்பாரத்தில் நிற்கும்போது பெட்டிக்கு அடியில் எட்டிப் பாருங்கள், தொட்டி தெரியும்.

பிரேக் எப்போதோ ஒரு முறை பிடிப்பது. அதற்குத் தொட்டி போதும், மெதுவாக நிரப்பிக்கொள்ளலாம். துளைப்பானுக்கு அது போதாது. என் மாணவர் பிரேக்குக்கான ஏற்பாட்டை வாங்கிவிட்டுத் துளைப்பான் வேலை பார்க்க நினைத்திருக்கிறார்.

கணக்குப் போட்டே பார்ப்போம், வாத்தியார் புத்தி போகாது. தொட்டி 24 லிட்டர். எட்டு பாரிலிருந்து ஆறு பாருக்கு இறங்கும்போது அதிலிருந்து கிடைக்கும் வெளிக்காற்று 48 லிட்டர். சாண்டர் நிமிடத்துக்குச் சுமார் 280 லிட்டர் குடிக்கும், அதாவது பத்து சி.எஃப்.எம். ஒரு ஹெச்.பி. கம்ப்ரஸர் அந்த அழுத்தத்தில் சுமார் 80 லிட்டர் கொடுத்தால் பெரிது. துண்டு விழுவது நிமிடத்துக்கு 200. அந்த 48 லிட்டர் எத்தனை விநாடி தாங்கும்? பதினாலு, பதினைந்து. அவர் சொன்ன அதே கால் நிமிஷம்! கடைக்காரர் பொய் சொல்லவில்லை. டயருக்குக் காற்றடிக்க அது தாராளம்தான். ஆனால் ஒன்று: அட்டைப்பெட்டியில் பெரிதாகப் போடுகிற எண் பல நேரம் பிஸ்டன் உள்ளே இழுக்கும் அளவு. அழுத்தத்தோடு வெளியே தருவது அதைவிடக் குறைவு. அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாரிஸில் இதற்கு வேறொரு வழி கண்டார்கள். விக்டர் போப் என்ற ஆஸ்திரியாக்காரர் 1880-ல் ஊர்க் கடிகாரங்களைக் குழாய்க் காற்றால் ஓட்டத் தொடங்கினார். நிமிடத்துக்கு ஒரு காற்றுத் தட்டு, முள் ஒரு படி நகரும். பிறகு சின்னப் பட்டறைகளுக்கும் குடிதண்ணீர் மாதிரி காற்று இணைப்பு கொடுத்தார்கள். அந்தச் சேவை 1994 வரை நடந்தது. 1910 ஜனவரி வெள்ளத்தில் காற்று நிலையத்துக்குள் தண்ணீர் புகுந்ததும் ஊர்க் கடிகாரங்கள் ஒன்றாக நின்றன.

நம் ஊரில் அப்படிக் குழாய் வராது. வீட்டு சிங்கிள் ஃபேஸ் லைனில் நாலு ஹெச்.பி. மோட்டார் போடுவதும் தலைவலி. ஆகவே சொன்னேன்: "தம்பி, தேய்க்கிறதுக்குக் கரண்ட் சாண்டர் வாங்கு. கம்ப்ரஸரை விற்காதே. காற்று கம்மியா குடிக்கிற சின்ன ஸ்ப்ரே கன் போட்டு, ஒரு பலகை அடி, தொட்டி நிரம்பட்டும், அடுத்த பலகை அடி."

நேற்று மறுபடி போன். இரண்டு கதவு தேய்த்து முடித்துவிட்டாராம். இப்போது ஸ்ப்ரேயோடு தண்ணீர்த் துளி வந்து பாலிஷில் புள்ளி விழுகிறதாம். காற்றை அமுக்கினால் அதிலுள்ள ஈரமும் சேர்ந்துதான் வரும், சூடு ஆறியதும் தொட்டிக்குள் தண்ணீராகத் தங்கும். அடியில் உள்ள வால்வைத் தினமும் திறந்துவிடச் சொல்லியிருக்கிறேன். அது மட்டும் போதாது, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் வேண்டும். உங்களில் பெயிண்டிங் பட்டறை வைத்திருப்பவர்கள் யாரிடமாவது பழைய ஃபில்டர் சும்மா கிடந்தால் கீழே சொல்லுங்கள். இன்னும் நாலு கதவு பாக்கி இருக்கிறது.