ஜப்பானில் வெளிநாட்டவராக வாழ்வது: இரத்தினபுரித் தோட்டத்து இளைஞர்களுக்கான குறிப்புகள்

இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை பக்கத்துத் தோட்டங்களில் ஜப்பானிய மொழி படிக்கும் இளைஞர்களிடம் பேசினால் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “அங்க வாழ்க்கை எப்படி இருக்கும்?” முகவர்கள் சம்பளத்தைச் சொல்கிறார்கள், அன்றாட வாழ்க்கையைச் சொல்வதில்லை. அங்கு வாழ்பவர்களிடம் கேட்டறிந்ததையும் அந்நாட்டின் விதிகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

‘வெளிநாட்டவர்’ என்ற சொல் எங்கள் மாவட்டத்துக்குப் புதிதல்ல. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பிறந்த மண்ணிலேயே நாடற்றவர்களாக்கியது. 1977, 1981 வன்செயல்களில் இரத்தினபுரித் தோட்டங்களிலிருந்து விரட்டப்பட்டோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் குடியேறினர். பின்னர் யுத்தம் அங்கும் அவர்களை விடவில்லை. ஆவணமில்லாதவனின் நிலை என்னவென்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்த விசா?

2019 ஏப்ரலில் ஆரம்பமான ‘குறிப்பிட்ட திறன்’ விசாவே இன்று வேலைக்குச் செல்லும் முக்கிய வழிகளில் ஒன்று. தொழில்திறன் பரீட்சையுடன், ஜே.எல்.பி.ரி. என்4 தரம் அல்லது அதற்கு நிகரான மொழித் தேர்விலும் சித்தியடைய வேண்டும். முதியோர் பராமரிப்புக்கு அத்துறை சார்ந்த மொழித் தேர்வு ஒன்றும் உண்டு. முதலாம் வகையில் மொத்தம் 5 ஆண்டுகள்வரை தங்கலாம், ஆனால் குடும்பத்தை அழைத்துக்கொள்ள முடியாது. மாணவர் விசாவில் போகிறவர் அனுமதி பெற்று, வாரத்துக்கு 28 மணித்தியாலம் மட்டுமே வேலை செய்யலாம். “படித்துக்கொண்டே முழுநேர வேலை” என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

அட்டையும் பதிவும்

நீண்டகாலம் தங்குவோருக்கு வதிவிட அட்டை வழங்கப்படும். 16 வயதுக்கு மேற்பட்டவர்கள் அதை எப்போதும் உடன் வைத்திருப்பது கட்டாயம். சோதனைச்சாவடிகளைக் கடந்து வளர்ந்தவர்களுக்கு இந்தப் பழக்கம் கடினமாக இராது. குடியேறிய 14 நாட்களுக்குள் உள்ளூராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். மருத்துவக் காப்புறுதியில் சேர்ந்துவிட்டால், சிகிச்சைச் செலவில் பொதுவாக 30 வீதத்தை மட்டும் செலுத்தினால் போதும்.

அன்றாடமும் உலாவும்

குப்பையை எரியக்கூடியது, பிளாஸ்டிக், போத்தல் என்று பிரித்து, உரிய நாளில்தான் வெளியே வைக்க வேண்டும். முதியோர் இல்லமொன்றில் வேலை செய்யும் எங்கள் ஊர்த் தங்கை ஒருவர், தன் முதல் குப்பைப் பை அறிவித்தல் ஒட்டப்பட்டு அப்படியே கிடந்ததாகச் சொன்னார். ரயிலுக்குள் கைத்தொலைபேசியில் பேசுவதை மரியாதைக் குறைவாகக் கருதுவார்கள்.

விடுமுறையில் ஊர் சுற்ற, சுய்கா போன்ற அட்டையில் பணம் ஏற்றி ரயிலிலும் பஸ்ஸிலும் போகலாம். டோக்கியோவில் மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் செர்ரி பூக்கும்போது பூங்காக்களில் பாய் விரித்துச் சாப்பிடலாம், பெரும்பாலான இடங்களில் அதற்குச் செலவில்லை. மிளகாய்த்தூளும் பருப்பும் தேடுவோருக்கு ஷின்-ஓகுபோ பகுதியில் கடைகள் உண்டு. நிஷி-கசாயில் இந்தியர்கள் அதிகம் வாழ்கிறார்கள், அங்கே தமிழும் காதில் விழும்.

நிலநடுக்கம் அடிக்கடி வரும். போன முதல் வாரத்திலேயே அருகிலுள்ள வெளியேற்ற இடத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பொலிஸுக்கு 110, அம்புலன்ஸுக்கும் தீயணைப்புக்கும் 119.

விசா காலாவதியானால்

2017இல் மாணவியாகச் சென்ற இலங்கைப் பெண் விஷ்மா சந்தமாலி, பின்னர் விசாவை இழந்தார். உடன் வாழ்ந்தவரின் வன்முறையிலிருந்து தப்ப 2020 ஓகஸ்டில் பொலிஸாரிடம் உதவி கேட்டுப் போனார். விசா இல்லாததால் தடுத்து வைக்கப்பட்டார். 2021 மார்ச் 6ஆம் திகதி நகோயா குடிவரவுத் தடுப்பு நிலையத்தில் உடல் நலிந்து, 33ஆவது வயதில் உயிரிழந்தார். குடும்பத்தினர் நீதி கேட்டு ஜப்பானிய அரசுக்கு எதிராக வழக்குத் தொடர்ந்தனர்.

பிரச்சினை எதுவானாலும், விசா செல்லுபடியாகும்போதே உதவி தேட வேண்டும் என்பதை இச்சம்பவம் உணர்த்துகிறது. குறிப்பிட்ட திறன் விசாவில் இருப்பவர் அதே துறைக்குள் முறைப்படி வேலை மாறலாம், சொல்லாமல் ஓடிப்போகத் தேவையில்லை. உள்ளூராட்சி ஆலோசனை நிலையங்களையும் டோக்கியோவிலுள்ள இலங்கைத் தூதரகத்தையும் நாடலாம்.

புறப்படுமுன் முகவரின் அனுமதிப்பத்திரத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் சரிபாருங்கள். கொடுக்கும் ஒவ்வொரு ரூபாய்க்கும் பற்றுச்சீட்டு வாங்குங்கள். ஒப்பந்தத்தின் பிரதி ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். கடவுச்சீட்டும் வதிவிட அட்டையும் உங்கள் கையிலேயே இருக்கட்டும். தோட்டத்தில் நகையை அடகு வைத்து உங்களை அனுப்பும் அம்மாவுக்கும் இந்த விபரங்கள் தெரிந்திருக்க வேண்டும்.