வால்வு சிவந்தா டிரான்ஸ்பார்மர் போச்சு

மாரியம்மன் நோம்பின்னா எங்க பக்கம் பந்தலுக்கு முன்னாடி வந்து இறங்குறது மைக் செட்டுதான். இன்னைக்கு நகரத்துல லட்சக்கணக்குல கொடுத்து வாங்குற வால்வு ஆம்ப்ளிஃபயரும், அன்னைக்கு எங்க செட்டுக்காரர் வச்சிருந்த தகரப் பெட்டியும் ஒரே வம்சம்.

அந்த வம்சத்துக்கு ஒரு மூத்தவர் உண்டு. 1947ல் வில்லியம்சன் என்ற இன்ஜினியர், இங்கிலாந்தின் 'வயர்லெஸ் வேர்ல்டு' பத்திரிகையில் ஒரு ஆம்ப்ளிஃபயர் வடிவமைப்பை வெளியிட்டார். ரெண்டு கேடி66 வால்வு, 15 வாட். 15 வாட்டான்னு சிரிக்காதீங்க. சத்தம் சிதையாம வந்ததுதான் அதோட பெருமை. அதுல வால்வைவிட ஒசத்தி, அவுட்புட் டிரான்ஸ்பார்மர். வால்வு கொடுக்குறது நிறைய வோல்ட், கொஞ்சம் கரண்ட். ஸ்பீக்கருக்கு வேண்டியது அதுக்கு நேர்மாறு. ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு பேசி முடிக்கிற தரகர் இந்த டிரான்ஸ்பார்மர்.

செட்டு ரிப்பேர்னா எல்லாரும் வால்வைத்தான் குத்தம் சொல்லுவாங்க. உள்ள தகடு செக்கச்செவேல்னு சிவந்து நிக்கும். புதுசு போட்டா அதுவும் சிவக்கும். நிஜமான ஆள் பெரும்பாலும் முந்தின கட்டத்துல இருக்கிற காகிதக் கண்டென்சர். வயசாகி, ஈரம் ஏறி அது கசிய ஆரம்பிக்கும். வால்வுல கிரிட்டுங்கறது நம்ம மடைப்பலகை மாதிரி. ஏத்தி இறக்கினாத்தான் தண்ணி அளவா பாயும். கசிஞ்ச வோல்ட் அங்க வந்து சேந்தா பலகை மேலயே நின்னுக்கும். கரண்ட் கட்டுப்பாடில்லாம ஓடி முதல்ல வால்வு, அப்புறம் டிரான்ஸ்பார்மர்னு எரியும். சில்லறைக் காசு சாமானால வர்ற சேதம்.

எரிஞ்ச டிரான்ஸ்பார்மர் நேரா கிணத்து மோட்டாருக்கு காயில் கட்டுற கடைக்கு வரும். கட்டிக் கொடுத்துடுவாங்க, செட்டும் பாடும். ஆனா நாதஸ்வரத்தோட கூர்மை, ஜால்ராவோட சிலிர்ப்பு மட்டும் வராது. நல்ல டிரான்ஸ்பார்மர்ல வால்வு பக்கக் கம்பியையும் ஸ்பீக்கர் பக்கக் கம்பியையும் அடுக்கடுக்கா மாத்தி மாத்திச் சுத்தியிருப்பாங்க. அதை ரெண்டே பொதியாச் சுத்தினா மேல் ஸ்வரம் அடங்கிடும். பிரிக்கும்போதே அடுக்கையும் சுத்தையும் எண்ணி நோட்டுல எழுதுற கடைக்காரங்களும் இருந்தாங்க. செட்டுக்காரங்க கூட்டம் அவங்ககிட்டதான்.

அப்புறம் டிரான்சிஸ்டர் வந்துச்சு. 2என்3055ன்னு ஒரு இரும்புத் தொப்பி, 12 வோல்ட் பேட்டரியிலும் ஓடும். அது போனா மாத்துறது சுலபம், அடியில மைக்காத் தாளும் வெள்ளைப் பசையும் மறக்காம வச்சாப் போதும். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் வால்வு செஞ்ச காலமும் முடிஞ்சுது. இப்ப ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருது.

வால்வாவது வருது. எங்க பக்கம் பழைய இரும்புக்காரர் செம்புக்காகவே அந்த டிரான்ஸ்பார்மர்களை உடைச்சு எடை போட்டுக்கிட்டு இருக்கார். எனக்கு வயித்தெரிச்சல் அதுலதான்.

உங்க தாத்தா வீட்டுப் பரண்ல அப்படி ஒரு பெட்டி கிடந்தா, பாடுதான்னு பாக்க உடனே பிளக்கைச் சொருகாதீங்க. உள்ள கையும் விடாதீங்க. ஒருதரம் கரண்ட் கொடுத்துட்டா, நிறுத்தின பிறகும் 400 வோல்ட் வரைக்கும் தங்கி நிக்கும். வால்வு ரேடியோ தெரிஞ்ச மெக்கானிக்கைக் கூப்பிட்டு அந்தக் காகிதக் கண்டென்சரை முதல்ல மாத்தச் சொல்லுங்க. கரண்ட் அப்புறம்.