இருதயக் காவலில் தாதியர்

நெஞ்சில் எழும் நோவு யாவும் ஒரு தன்மையன அல்ல. மேட்டில் ஏறும்போது மார்பை நெரித்துப் பிடித்து, நின்றவுடன் தணிந்துவிடும் நோவொன்றை 1768ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் வில்லியம் ஹெபர்டன் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். அவர் இட்ட 'அஞ்சைனா' என்னும் பெயர் இன்றும் வழங்குகின்றது. 1879இல் வில்லியம் மறல் என்பார் நைத்திரோகிளிசரின் அந்நோவைத் தணிக்கும் என எடுத்துரைத்தார்.

இருதயத்துக்குக் குருதியூட்டும் முடியுரு நாடி ஒடுங்கும்போது இந்நோவு தோன்றும். அது முற்றாக அடைபடும்போது மாரடைப்பு நேரும். அடைபட்டோர் யாவரும் உடனே இறந்துபடுவதில்லை என்பதை 1912இல் சிக்காகோ வைத்தியர் ஜேம்ஸ் ஹெரிக் விளக்கினார். பிழைத்திருப்பவரை எவ்வாறு பேணுவது என்ற வினா அதன் பின்னரே எழுந்தது.

முழு ஓய்வே அதற்கு விடையெனக் கருதப்பட்டது. நோயாளர் வாரக்கணக்கில் அசையாது கிடந்தனர். உணவூட்டுவதும் உடல் துடைப்பதும் தாதியின் பணியாயின. ஆயினும் நெடுநாட் கிடையினால் கால்களிற் குருதி உறைந்தது. படுக்கைப் புண்ணும் வந்தது. 1952இல் லெவைன், லவுன் ஆகிய இருவரும் நோயாளரை நாற்காலியில் அமர்த்துவதே நன்றென்றனர்.

ஆயினும் ஒரு பேரிடர் எஞ்சியிருந்தது. மாரடைப்புற்றவரின் இருதயத் துடிப்பு திடீரெனக் குலைந்து, குருதியோட்டம் நின்றுவிடும். அதனை மீட்காவிடின் சில நிமிடங்களில் மூளை பழுதுறும். மார்பின் மேலிருந்து மின்னதிர்வு கொடுத்துத் துடிப்பை மீட்கும் முறையை 1956இல் போல் சோல் காட்டினார்; மார்பை அழுத்தி உயிர் காக்கும் முறை 1960இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸிலிருந்து வெளிவந்தது. கருவி கிடைத்தும் பயன் குறைவாகவே இருந்தது. அருகில் நின்றவள் தாதி. கருவியைக் கையாளும் உரிமையோ வைத்தியருக்கே இருந்தது. அவரை அழைத்துவருமுன் உயிர் பிரிந்துவிடும்.

இந்நிலையை மாற்றியவை 1962ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் தோன்றிய இருதயக் கண்காணிப்புப் பிரிவுகளாகும். பிலடெல்பியாவில் லோறன்ஸ் மெல்ற்சர் என்னும் வைத்தியரும் றோஸ் பின்னியோ என்னும் தாதியும் புதியதொரு வழி வகுத்தனர். திரையில் ஓடும் துடிப்புக் கோட்டைப் படித்தறியத் தாதியர் பயிற்றப்பட்டனர்; ஆபத்து நேரின் வைத்தியரை எதிர்பாராது தாமே மின்னதிர்வு கொடுக்கும் அதிகாரமும் பெற்றனர். வைத்தியசாலைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு முப்பதாக இருந்த மாரடைப்பு மரணம், இத்தகைய பிரிவுகள் பரவிய காலத்தில் பாதியளவாகக் குறைந்தது.

இன்று உறைந்த குருதியைக் கரைக்கும் மருந்துகளும் அடைப்பை நீக்கும் சிகிச்சைகளும் உள. அவை யாவும் நேரத்தோடு போட்டியிடுபவை. ஓய்ந்தும் தணியாத நெஞ்சு நோவு, இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத் திணறல் ஆகியவற்றை மாரடைப்பென ஐயுறல் வேண்டும். நீரிழிவுற்றோரிடமும் முதியோரிடமும் நோவின்றியே அது வருதலுமுண்டு. ஆகவே, நோயாளர் முறையிடுமுன்னரே அவர் முகத்தில் மாற்றத்தைக் கண்டுகொள்ளும் தாதியின் கூர்ந்த பார்வை இன்றும் முதல் மருந்தாக விளங்குகின்றது.