கதவுக் குமிழ் கற்பித்த வரலாறு



சென்ற வாரம் என் தாயார் தம் அறைக்குள் அகப்பட்டுக்கொண்டார். அவ்வறைக் கதவின் குமிழ் சில மாதங்களாகவே ஆடிக்கொண்டிருந்தது. விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நான் தள்ளிப்போட்டேன். அதன் விளைவாக, அவர் திருகத் திருகக் குமிழ் வெறுமனே சுழன்றதேயன்றித் தாழ் அசையவில்லை. நெகிழி அட்டையொன்றை இடுக்கில் செலுத்தித் தாழைத் தள்ளித் திறப்பதற்குக் கால்மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்த அம்மா, "லயத்து வீட்டுக் கொண்டி என்னைக்காவது இப்படிச் செஞ்சிச்சாடா?" என்றார்.

அவ்வினாவுக்குள் ஒரு வரலாறு அடங்கியிருக்கிறது.

அம்மா பிறந்தது கிள்ளானை அடுத்த ஒரு தோட்டத்தில். லயத்து வீட்டுப் பலகைக் கதவில் ஒரு கொண்டி, நிலையில் அதனை ஏற்கும் நாதாங்கி, அவ்வளவே. திருமணத்திற்குப்பின் அவர் பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புக்கு வந்தார். 1881ஆம் ஆண்டில் தீயும் வெள்ளமும் அழித்த கோலாலம்பூரைச் செங்கல்லால் மீண்டும் எழுப்பியபோது, அங்கிருந்த சூளைகளே அவ்வட்டாரத்திற்குப் பெயரளித்தன. 1905 வாக்கில் இரயில்வே ஊழியருக்கென அங்கு எழுந்த நூறு வீடுகள் இன்று இல்லை. தாம் வாழ்ந்த வீட்டிலும் கதவின்மேல் வெளிப்படையாகத் தெரியும் இரும்புத் தாழ்ப்பாளே இருந்தது என்பார் அம்மா. பழுது எதுவாயினும் கண்ணுக்குத் தெரியும்; கைக்கும் எட்டும்.

இன்றைய தாமான் வீடுகளின் குமிழ்ப்பூட்டோ வேறு வழியில் வந்தது. ஜெர்மனியில் பிறந்து சான் பிரான்சிஸ்கோவில் குடியேறிய வால்டர் ஷ்லேக், 1920இல் அங்கு ஒரு பூட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். கதவில் வட்டத் துளையிட்டு எளிதில் பொருத்தத்தக்க உருளைப் பூட்டைப் பரவச் செய்தவர் அவரே. விரைவாகப் பொருத்த முடிந்ததால், வரிசை வரிசையாக வீடு கட்டுவோர்க்கு அது பெரிதும் ஏற்றதாயிற்று. ஆயின், பொறியமைப்பு கதவுக்குள் மறைந்துவிட்டது. மறைந்திருப்பதைத் தொட நாம் அஞ்சுகிறோம்.

அஞ்சத் தேவையில்லை என்பதை அன்றே அறிந்தேன். உட்புறக் குமிழின் கழுத்தில் சிறு துளையொன்று உண்டு. மெல்லிய ஆணியால் அதனுள் அழுத்திக்கொண்டே இழுத்தால் குமிழ் கழன்றுவரும். வட்டத் தகட்டை நெம்பி எடுத்தால் இரண்டு நீண்ட திருகாணிகள் தென்படும். அவை தளர்ந்ததே ஆட்டத்திற்குக் காரணம். திருப்புளியால் இரண்டையும் மாறி மாறி இறுக்கினேன். பத்து நிமிடத்தில் வேலை முடிந்தது.

பக்கத்தில் நின்ற என் மகன் அதனைத் 'தொம்போல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். மலாய்ச்சொல் அறிந்திருப்பது நன்றே. ஆனால் தாழ், கொண்டி, நாதாங்கி, குமிழ், திருகாணி ஆகிய ஐந்தில் ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. அன்புடைமை அதிகாரத்தின் முதற் குறளை மனப்பாடமாக ஒப்புவிப்பவன் அவன். அதில் வரும் 'தாழ்' இதுதான் என்று கதவைத் தொட்டுக் காட்டியபோது வியந்து பார்த்தான். பிழை அவனுடையதன்று, பொருளைக் காட்டாமல் சொல்லை மட்டும் கற்பித்த என்னுடையது.

இன்னொன்றையும் கூற விழைகிறேன். மூட்டுவலியால் அம்மாவின் விரல்களுக்குக் குமிழைப் பற்றித் திருகும் வலிமை இல்லை. இத்தகைய முதியோரையும் கருதியே கனடாவின் வான்கூவர் நகரம், 2014 முதல் புதிய வீடுகளில் குமிழுக்கு மாறாக அழுத்தித் திறக்கும் கைப்பிடியை விதியாக்கியது. நானும் அம்மாவின் அறைக்கு அவ்வாறே மாற்றிவிட்டேன். பொருத்தியவன் என் மகன். திருகாணிகளை எடுத்துக் கொடுத்தது மட்டுமே நான்.

இவ்வார இறுதியில் தங்கள் இல்லத்துக் கதவுகளையும் பிள்ளைகளோடு ஒருமுறை அசைத்துப் பாருங்கள். திருப்புளி அவர்கள் கையில் இருக்கட்டும்.