உயிர்ப் பொருத்தம்

பெரம்பலூருக்கு அருகே சாத்தனூர் என்று ஒரு கிராமம். அங்கே ஒரு மரம் படுத்துக் கிடக்கிறது. நீளம் 18 மீட்டர் இருக்கும். கணுவும் பட்டையுமாகப் பார்வைக்கு மரமேதான். ஆனால் அதன்மேல் கோடரியை வீசினால் கோடரிதான் முனை மழுங்கும். அது கல். 1940-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னார்.

ஏறக்குறைய 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்தச் சீமையில் கடல் அலை அடித்துக்கொண்டிருந்தது. அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறைகளில் இன்றும் சிப்பியும் சங்கும் அகப்படுவதற்கு அதுதான் காரணம். சிமெண்டு ஆலைகள் அரைத்துத் தள்ளுவதெல்லாம் பழைய கடலின் எலும்புகள் என்று சொன்னால் மிகையாகாது. அந்தக் கடலடிச் சேற்றில் புதைந்த மரத்தினுள் நீரில் கரைந்திருந்த சிலிகா மெல்ல மெல்ல ஊறிப் புகுந்தது. ஜீவன் போன திசுக்களை நிரப்பி, அவற்றின் உருக் கெடாமல் அங்கேயே உறைந்துவிட்டது.

சிலிகா வேறு யாருமல்ல. நம் ஆற்று மணல்தான். அதிலிருந்து பிராணவாயுவைப் பிரித்தெடுத்தால் சிலிகன். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் இருக்கும் கைப்பேசிக்குள் மின்சுற்றாக இருந்து வேலை செய்வதும் அதுவே. ஜீவன் இருந்த இடத்தில் சிலிகா குடியேறியது சாத்தனூர்ச் சரித்திரம். மின்சுற்றின் மேல் ஜீவனைக் குடியேற்ற முடியுமா என்று மனிதன் கேட்டானே, அது இன்னொரு சரித்திரம்.

கல்யாணத்துக்கு ஜோசியர் பத்துப் பொருத்தம் பார்க்கிறார். இங்கே பார்க்க வேண்டியது ஒரே பொருத்தந்தான். அந்தப் பொருள் பக்கத்தில் இருக்கையில் ஜீவ அணு செத்துப் போகாமல் இருக்குமா?

முதல் தகராறு செம்பினால் வந்தது. மின்சாரத்துக்குச் செம்பைப் போல உகந்த உலோகம் மலிவாகக் கிடைக்காது. ஜீவ அணுவுக்கோ அது ஆகவே ஆகாது. செப்புக் குடத்தில் ஊற்றி வைத்த தண்ணீர் நல்லது என்று நம் பாட்டிமார்கள் சொல்லி வந்தார்கள் அல்லவா? ஸ்விட்சர்லாந்து தாவரவியலாளர் நேகெலி, செம்பு பட்ட நீரில் பாசி இழைகள் மடிந்துவிடுவதைக் கவனித்தார். கண்ணுக்குத் தெரியாத அளவு செம்பே அதற்குப் போதுமாக இருந்தது. அவர் இறந்த பிறகு 1893-ல்தான் அந்த ஆராய்ச்சி அச்சேறியது. குடத்து நீரில் கிருமியைக் கொல்லும் குணந்தான், மின்சுற்றின் மேல் வளர்க்கும் திசுவையும் கொல்கிறது. பற்றாசிலுள்ள ஈயத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை.

உடலுக்கு வெளியே திசுவை வளர்க்கலாம் என்பதே 1907 வரை சந்தேகமாக இருந்தது. அந்த ஆண்டு அமெரிக்காவில் ராஸ் ஹாரிஸன், தவளைக் கருவின் நரம்புத் துணுக்கு ஒன்றை நிணநீர்த் துளியில் தொங்கவிட்டார். அதிலிருந்து நரம்பிழை நீண்டு வளருவதைக் கண்ணாரக் கண்டார்.

பிறகு 1958. ஸ்வீடனில் ஆர்னே லார்சன் என்பவரின் இருதயம் அடிக்கடி நின்று நின்று துடித்தது. அவருடைய மனைவி எஞ்சினீயர் எல்ம்க்விஸ்டையும் டாக்டர் ஸென்னிங்கையும் விடாமல் நச்சரித்து, இருதயத்தைத் தூண்டும் மின்கருவி ஒன்றை உடலுக்குள்ளேயே வைக்கும்படி செய்துவிட்டார். (சத்தியவானுக்காக வாதாடிய சாவித்திரி நம் நாட்டோடு நின்றுவிடவில்லை.) கருவியை உடம்பு ஏற்க வேண்டுமே! எல்ம்க்விஸ்ட் அதை எபாக்ஸிப் பிசினுக்குள் புதைத்தார். வார்ப்பு அச்சாக உதவியது பூட்ஸ் பாலிஷ் டப்பா! முதல் கருவி சில மணி நேரமே ஓடியது. ஆனால் லார்சன், ஒன்று போனால் ஒன்றாக இருபதுக்கு மேற்பட்ட கருவிகளை மாற்றிக்கொண்டு 2001 வரை வாழ்ந்தார். பிசின் வழியே ஈரம் உள்ளே கசிகிறது என்று பின்னால் தெரிந்தது. அதனால் டைட்டானியப் பெட்டி வந்தது.

1972-ல் தாமஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் கண்ணாடித் தகட்டில் தங்கக் கம்பிகளை இழைத்து, நுனிகளுக்குப் பிளாட்டினம் பூசி, அதன்மேல் கோழிக் குஞ்சின் இருதய அணுக்களை வளர்த்தார்கள். அணுக்கள் துடித்தன; கம்பிகள் அந்தத் துடிப்பைக் கேட்டன. 1991-ல் ஜெர்மனியில் ஃப்ரோம்ஹெர்ட்ஸ் குழுவினர் அட்டையின் நரம்பணு ஒன்றைச் சிலிகன் டிரான்ஸிஸ்டரின் மேலேயே உட்காரவைத்தனர். அணுவுக்கும் சிலிகனுக்கும் நடுவே மெல்லிய படலமாக இருந்தது சிலிகாதான், அதாவது நம் மணல்!

தங்கம், பிளாட்டினம், டைட்டானியம், கண்ணாடி இவற்றையெல்லாம் ஜீவன் விரும்புகிறது என்று எண்ணிவிடக் கூடாது. இவை கரைந்து வந்து வம்பு செய்வதில்லை, அவ்வளவுதான். வெறும் கண்ணாடியில் நரம்பணு ஒட்டக்கூடச் செய்யாது. லைசின் என்னும் புரதக் கூறைச் சங்கிலியாகக் கோத்துப் பூசினால்தான் கால் ஊன்றும்.

நம் ஊரிலும் இந்த விவகாரம் வெகு தூரத்தில் இல்லை. பிறவியிலேயே காது கேளாத சிறு குழந்தைகளுக்கு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தின் கீழ் உட்செவியில் கருவி பொருத்துகிறார்கள். அரியலூர்க் குழந்தையானாலும் பெரம்பலூர்க் குழந்தையானாலும் அதன் செவிக்குள் சுருண்டு போவது சிலிகோன் ரப்பரில் பதித்த பிளாட்டினம். கருவியைப் பொருத்தும்போது குழந்தைக்கு வயது மூன்றோ நாலோ. அது கிழப்பருவம் எய்தும்வரை அந்தப் பிளாட்டினம் அங்கே சும்மா இருக்க வேண்டும். உடம்போ சும்மா இருப்பதில்லை. அந்நியப் பொருளைச் சுற்றி மெல்லிய நார்த்திசுவால் உறை கட்டிவிடுகிறது. சப்தமாக மாற வேண்டிய மின்சாரம் அந்த உறையைத் தாண்டித்தான் நரம்பை எட்ட வேண்டும். உறைக்குப் பதிலாக நரம்பிழையையே பிளாட்டினம்வரை வளர்த்துக் கொண்டுவர முடியுமா என்று ஆராய்ச்சிக்கூடங்களில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.