லால்பாக்: அரசர் தோட்டம் மக்கள் பூங்காவான வரலாறு

லால்பாக் என்பது பெங்களூரு நகரின் தென்பகுதியில் சுமார் 240 ஏக்கர் பரப்பில் அமைந்துள்ள தாவரவியல் பூங்கா ஆகும். மைசூரை ஆண்ட ஹைதர் அலி 1760ஆம் ஆண்டில் இதற்கு அடித்தளமிட்டார். இன்றைய தருமபுரி மாவட்டப் பகுதி அடங்கிய பாராமகாலும் ஹைதர், திப்பு ஆகியோரின் ஆட்சியில் இருந்தது. 1792ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பிறகே அது ஆங்கிலேயர் வசமாயிற்று. ஏரியூர், பென்னாகரம் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்கச் சென்றவர்கள் விடுமுறையில் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இடங்களுள் லால்பாக்கும் ஒன்று. பலரும் மலர்களையும் கண்ணாடி மாளிகையையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். இத்தோட்டத்தை வளர்த்த கைகளில் தமிழ்வழி வந்தோரின் கைகளும் உண்டு என்பது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை.

சீராவில் முகலாய ஆளுநர் அமைத்திருந்த தோட்டத்தைக் கண்டே ஹைதருக்கு இவ்வெண்ணம் பிறந்தது என்பர். தந்தை தொடங்கியதைத் திப்பு சுல்தான் விரிவாக்கினார். 1788இல் பிரான்சு மன்னர் பதினாறாம் லூயியைச் சந்தித்த அவருடைய தூதர்கள் படை உதவியோடு விதைகளையும் செடிகளையும் தோட்டக்காரர்களையும் கேட்டனர். போர் நெருங்கும் வேளையிலும் செடிகளை மறக்காத அரசர் அவர்.

திப்பு வீழ்ந்த மறு ஆண்டு, 1800இல், இங்கு வந்த பிரான்சிசு புக்கானன் தாம் கண்டதை எழுதி வைத்துள்ளார். சதுரச் சதுரமான பாத்திகள், இடையே நடைபாதைகள், ஓரங்களில் சைப்ரசு மரங்கள். ஒரு பாத்தி முழுவதும் ரோசா, மற்றொன்று முழுவதும் மாதுளை எனப் பிரிக்கப்பட்டிருந்தது.

இத்தகைய தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சி, பதியன் போட்டு, கிளை கழித்தவர்கள் யார்? பெங்களூரில் தோட்டத்தொழிலுக்குப் பெயர்பெற்ற திகளர் சமூகத்தினர் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்தனர். இவர்களுடைய முன்னோர் தமிழ் நிலத்திலிருந்து வந்தவர்கள். ஹைதர் காலத்தில் வந்தவர்கள் என்றும், அதற்கும் முன்பே குடியேறியவர்கள் என்றும் இருவகையாகச் சொல்வதுண்டு. நகரத்துக்குக் காயும் கீரையும் பூவும் விளைவித்துத் தந்தவர்கள் இவர்களே. ஆண்டுதோறும் தருமராயர் கோயிலில் திரௌபதிக்கு நடக்கும் கரகத் திருவிழாவில் கரகம் சுமப்பவரும் இச்சமூகத்தவரே. திரௌபதியம்மன் கோயில்களும் பாரதக் கூத்தும் நிறைந்த தருமபுரி மாவட்டத்தாருக்கு இந்த உறவை விளக்கத் தேவையில்லை. எனினும் லால்பாக் பற்றிய நூல்களில் கண்காணிப்பாளர்களின் பெயர்கள் வரிசையாகக் கிடைக்கின்றன; மண்வெட்டி பிடித்தவர்களின் பெயர்களைக் காண்பது அரிது. இது ஒரு குறையே.

ஆங்கிலேயர் காலத்தில் தோட்டம் பலர் கைமாறி, 1856இல் அரசு தாவரவியல் பூங்காவானது. ஏறக்குறைய இதே காலத்தில் ஐரோப்பாவிலும் அரச தோட்டங்களின் கதவுகள் திறந்தன. ஸ்பெயினின் மாட்ரிட் நகரில் அரச குடும்பத்துக்கென இருந்த ரெத்திரோ தோட்டம் 1868 புரட்சிக்குப் பின் நகர மக்களுக்குரியதாயிற்று. அங்கே அது அரசி நாட்டைவிட்டு வெளியேறிய பின் நடந்தது. இங்கே நாடாண்டவர் போரில் மடிந்த பின்.

1874இல் பொறுப்பேற்ற ஜான் கேமரூன் 1908 வரை பணியாற்றினார். கண்ணாடி மாளிகைக்கு 1889ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று இளவரசர் ஆல்பர்ட் விக்டர் அடிக்கல் நாட்டினார். லண்டனின் பளிங்கு மாளிகையை முன்மாதிரியாகக் கொண்ட இதனைக் காட்டிலும் கேமரூனின் வேறொரு பணியே நம் வீடுகள்வரை வந்தது. மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்ட சௌசௌ கொடியைப் பெங்களூரில் பரப்பியவர் அவரே. அதனால்தான் தமிழ்நாட்டில் அதற்குப் பெங்களூர் கத்தரிக்காய் என்ற பெயரும் வழங்குகிறது. கத்தரிக்கும் அதற்கும் எவ்வித உறவும் இல்லை. அது பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

கேமரூனுக்குப் பின் வந்த செருமானியர் கிரம்பீகலின் பெயரைப் பூங்காவை ஒட்டிய ஒரு சாலை தாங்கியுள்ளது.

பூங்காவினுள் உள்ள பாறைக்குன்று ஏறக்குறைய 300 கோடி ஆண்டுகள் பழமையானது. தேசியப் புவியியல் நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் உச்சியில் கெம்பேகவுடா பெயரிலான சிறு கோபுரம் நிற்கிறது. மெட்ரோ ரயிலின் பச்சை வழித்தடத்தில் லால்பாக் நிலையத்தில் இறங்கிப் பூங்காவை அடையலாம். குடியரசு நாளையும் விடுதலை நாளையும் ஒட்டி மலர்க்கண்காட்சிகள் நடைபெறும். பூக்களை விட முதிய மரங்களை நின்று பார்க்க விரும்புவோர் அந்நாள்களைத் தவிர்த்து, வார நாளில் காலையிலேயே செல்வது நல்லது.