பால்மரத்துப் பாலும் பள்ளிக்கூடத்து முத்திரையும்



தீபாவளி நெருங்கும் நாட்களில் எங்கள் தோட்டப் பள்ளியில் கைவேலைப் பாடம் என்றாலே வாழ்த்து அட்டை செய்வதுதான். பழைய நாட்காட்டியின் பின்பக்கம், வெண்டைக்காய்த் துண்டு, நீலமும் சிவப்புமாக இரண்டு மைப்பட்டைகள், நீர்வண்ணப் பெட்டி, வீட்டுக்கு வந்த உறைகளிலிருந்து கிழித்தெடுத்த தபால்தலைகள், கொஞ்சம் பசை. இவ்வளவுதான் சாமான். சென்ற ஆண்டு நான்காம் வகுப்புப் பையன் ஒருவன் என் மேசைமேல் இருந்த பெயர் முத்திரையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஐயா, இது எதுல செஞ்சது?" என்று கேட்டான். "ரப்பரில்" என்றேன். "எங்க பாட்டி வெட்டுனாங்களே, அந்த ரப்பரா?" என்றான்.

அந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் அரைகுறை. முழுப் பதிலை இன்று உங்களிடம் சொல்ல எண்ணுகிறேன்.

முத்திரை குத்தும் பழக்கம் மிகப் பழையது. சிந்துவெளி மக்கள் மாக்கல்லில் காளையையும் யானையையும் செதுக்கி, ஈரக் களிமண்ணில் பதித்தார்கள். அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செய்தி. நம் பக்கத்துச் செய்தியும் ஒன்று உண்டு. கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு, இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாகக் கொடுத்தான். கடாரம் என்பது நம் கெடா. அந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகளைக் கோத்த வளையத்தில் புலியும் இரட்டைக் கயலும் வில்லும் பொறித்த சோழ முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால் செப்பேடு வெறும் தகடு.

நாம் இங்கே அன்றாடம் சொல்லும் 'சாப்' என்ற சொல்லையும் கவனியுங்கள். மலாய்க்காரர் 'சாப்' என்கிறார்கள். அச்சையும் பதிப்பையும் குறிக்கும் 'சாப்' என்ற இந்திச் சொல்தான் கப்பலேறி இங்கே வந்து சேர்ந்தது. அது தனியாக வரவில்லை, துணி மூட்டையோடு வந்தது. சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் மலாக்காவுக்குக் கொண்டுவந்து விற்றதில் தலையாய சரக்கு, அச்சுக் கட்டையாலும் தூரிகையாலும் வண்ணம் ஏற்றிய பருத்தித் துணி. இரும்புத் துருவை வெல்லநீரில் ஊறவைத்துக் கறுப்பு எடுப்பார்கள். படிகாரம் தடவிய இடத்தில் சாயவேரின் சிவப்பு பிடித்துக்கொள்ளும். ஓரத்துக் கொடியைக் கட்டையால் குத்துவார்கள், நடுவிலுள்ள மரத்தையும் மயிலையும் கையால் தீட்டுவார்கள். அச்சும் மையும் தூரிகையும் ஒரே துணியில் கூடியிருக்கும். நம் பிள்ளைகள் வாழ்த்து அட்டையில் செய்வதும் அதே வேலைதான். பயிற்சிக் கல்லூரியில் கைவேலையைப் புதிய கல்விமுறையின் கொடை என்று எனக்குக் கற்பித்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இனி ரப்பருக்கு வருவோம். ரப்பர் முதன்முதலில் காகிதத்தோடு உறவு கொண்டது எழுதுவதற்காக அல்ல, அழிப்பதற்காக. 1770-ஆம் ஆண்டில் ஜோசப் பிரீஸ்ட்லி என்ற ஆங்கில அறிஞர், இந்தப் பொருளால் தேய்த்தால் பென்சில் கோடு மறைந்துபோகிறது என்று எழுதினார். தேய்ப்பது என்ற பொருளிலேயே அதற்கு 'ரப்பர்' என்று பெயர் வந்தது. ஆனால் பச்சை ரப்பருக்கு ஒரு குறை உண்டு. வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் விறைத்து வெடிக்கும். 1839-இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் குட்இயர், கந்தகம் கலந்து சூடேற்றினால் இந்தக் குறை நீங்கும் என்று கண்டுபிடித்தார். அதன்பிறகே ரப்பர் உலகத்துக்கு வேண்டிய பண்டமாயிற்று.

ரப்பர் முத்திரை பிறந்தது 1860-களில், அமெரிக்காவில். முதலில் செய்தவர் நான்தான் என்று பலர் உரிமை கொண்டாடினார்கள். அந்தச் சண்டை நமக்கு வேண்டாம். செய்யும் முறை சுவையானது. ஈய எழுத்துக்களைக் கோத்து, அவற்றின்மேல் சுண்ணச்சாந்தை அழுத்தி அச்சு எடுப்பார்கள். கந்தகம் கலந்த ரப்பரை அந்த அச்சில் திணித்துச் சூடேற்றினால் எழுத்துக்கள் ரப்பரில் எழுந்து நிற்கும். அதை மரப்பிடியில் ஒட்டினால் முத்திரை தயார். பல் மருத்துவர்கள் செயற்கைப் பல்லுக்கு ஈறு செய்ய ரப்பரை வேகவைத்த சிறு பானைகளே முதலில் இதற்கும் பயன்பட்டன! மையும் அந்தக் காலத்துப் புதுமைதான். 1856-இல் இலண்டனில் பெர்கின் என்ற இளைஞர் கரித்தாரிலிருந்து ஊதாச் சாயம் எடுத்தார். அவ்வகைச் சாயத்தைக் கிளிசரினில் கரைத்தால் மைப்பட்டை எளிதில் காயாது. பழைய காகிதங்களில் முத்திரைகள் பெரும்பாலும் ஊதாவாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

அந்த ரப்பர் அப்போது பிரேசில் காட்டிலிருந்து வந்தது. 1876-இல் ஹென்றி விக்கம் என்பவர் எழுபதாயிரம் விதைகளை அங்கிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். முளைத்தவை இரண்டாயிரத்துச் சொச்சமே. அவற்றில் பெரும்பகுதி இலங்கைக்குப் போயிற்று. 1877-இல் இருபத்திரண்டே கன்றுகள் சிங்கப்பூர் வந்தன. ஒன்பது கன்றுகள் பேராக் கோலகங்சாரில் ஊன்றப்பட்டன. 1888-இல் சிங்கப்பூர்ப் பூங்காவுக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். தோட்டக்காரர்களின் சட்டைப்பையில் விதைகளைத் திணித்து நடச்சொன்னதால் அவரைப் 'பைத்தியக்கார ரிட்லி' என்று கேலி செய்தார்கள். அவர் நூறு வயதைத் தாண்டி, 1956 வரை வாழ்ந்து, எல்லாவற்றையும் பார்த்துவிட்டே போனார். சிலாங்கூரில் காஜாங்குக்கு அருகே இஞ்ச் கென்னத் தோட்டத்தில் கிண்டர்ஸ்லி சகோதரர்கள் 1890-களின் நடுவில் ரப்பர் நட்டார்கள். பிறகு கிள்ளான், கோலசிலாங்கூர், லங்காட் எங்கும் காடு அழிந்து பால்மரம் எழுந்தது. வெட்டியது யார் என்பதை உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

என் பாட்டியும் கிள்ளான் பக்கத்துத் தோட்டமொன்றில் விடியலுக்கு முன்னே பெரட்டுக்குப் போய், முப்பதாண்டுக்குமேல் மரம் வெட்டியவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கிராணி நீட்டும் புத்தகத்தில் பெருவிரலை மையில் தோய்த்து வைப்பார். அதைக் கைநாட்டு என்போம். பக்கத்திலேயே ஆபீசின் முத்திரை விழும். அந்த முத்திரையின் ரப்பர் எங்கிருந்து வந்தது என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை.

முத்திரை என்பது விளையாட்டுப் பொருள் அல்ல என்பதைக் காட்ட, நம் நாட்டுத் தபால்தலைகளைவிட நல்ல சான்று கிடையாது. 1867 வரை பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் இந்திய அரசின்கீழ் இருந்தன. கடிதங்களில் ஒட்டியவை இந்தியத் தபால்தலைகள். அவ்வாண்டு அவை தனிக் குடியேற்ற நாடாயின. புதுத் தலைகள் அச்சாகி வரவில்லை. என்ன செய்தார்கள்? அதே இந்தியத் தலைகளின்மேல் ஒரு கிரீடத்தையும் காசு விலையையும் மேலச்சாகக் குத்தி விற்றார்கள். நம் முன்னோரைப் போலவே தபால்தலையும் இந்தியாவிலிருந்து வந்து, இங்கே புது அடையாளம் குத்தப்பட்டது. 1880-களின் தொடக்கத்தில் அந்தக் குடியேற்ற நாட்டுத் தலைகளின்மேல் 'சிலாங்கூர்' என்று குத்தினார்கள். 1891-இல்தான் பாயும் புலி பொறித்த தலைகள் வந்தன.

1935-இல் சிலாங்கூர் வெளியிட்ட தலைகளில் கிள்ளான் அரண்மனைப் பள்ளிவாசல் அழகாக அச்சாகியிருந்தது. 1942 சனவரி 11-இல் ஜப்பானியப் படை கோலாலம்பூருக்குள் நுழைந்தது. தபால் நிலையங்களில் கிடந்த பழைய தலைகளை வீணாக்க அவர்களுக்கு மனமில்லை. ஜப்பானிய எழுத்து கொண்ட முத்திரைகளைச் செய்து, சிவப்பிலும் கறுப்பிலும் ஊதாவிலும் பழுப்பிலும் ஒவ்வொரு தலையின்மேலும் கையாலேயே குத்தினார்கள். கைவேலை என்பதால் சில கோணலாக விழுந்தன, சில தலைகீழாக விழுந்தன. தபால்தலை சேகரிப்போர் இன்றும் அவற்றைச் 'சாப்' என்றே அழைக்கிறார்கள். பிறகு இயந்திரத்தால் 'டாய் நிப்பொன் 2602' என்று குத்தினார்கள். 2602 என்பது ஜப்பானியப் பேரரசுக் கணக்கில் 1942. பள்ளிவாசல் அப்படியே நின்றது. அதன்மேல் அரசு மாறிவிட்டது.

1943-இல் ஜப்பானியர் மலாயாவுக்குத் தாங்களே புதுத் தலைகள் வெளியிட்டார்கள். அவற்றில் ஒன்றில் என்ன படம் தெரியுமா? பால்மரம் வெட்டும் காட்சி! அதே வேளையில், மேலைநாட்டுச் சந்தை அடைபட்டதால் தோட்டங்களில் வேலை நின்றுபோயிற்று. மரம் வெட்டிய நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் சயாம் மரண ரயில் பாதைக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். போனவர்களிடமிருந்து கடிதம் வரவில்லை. லயத்தில் காத்திருந்த பெண்களுக்குத் தபால்தலையின் அழகான படத்தால் என்ன பயன்? 1945-இல் போர் முடிந்ததும் ஆங்கிலேயர் திரும்பி வந்து, மன்னர் படம் போட்ட தலைகளில் 'பி.எம்.ஏ. மலாயா' என்று குத்தினார்கள். பிரிட்டிஷ் இராணுவ நிர்வாகம் என்பது அதன் பொருள். மூன்றே முக்கால் ஆண்டுக்குள் எத்தனை சாப்!

ஒரு சாப் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் என் பாட்டி சொல்லியிருக்கிறார். 1968-இல் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதிச் சீட்டுப் பெறவேண்டும் என்று சட்டம் வந்தது. பாட்டியின் தம்பிக்குச் சிவப்பு அடையாள அட்டை. பத்து வயதில் கப்பலேறி வந்தவர். எந்தக் கப்பல், எந்த ஆண்டு என்பதற்கு முத்திரை விழுந்த காகிதம் ஏதும் அவரிடம் இல்லை. இரண்டு முறை ஓர் அலுவலகத்துக்கு நடந்தார். மூன்றாம் முறை போகவில்லை. மனைவி மக்களோடு இந்தியாவுக்குப் புறப்பட்டுவிட்டார். அதன்பிறகு இருவரும் பார்த்துக்கொள்ளவே இல்லை. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துச் சரிபார்த்து வைக்கும்படி பெற்றோர் கூட்டத்தில் நான் ஏன் நச்சரிக்கிறேன் என்று சிலர் முணுமுணுப்பதுண்டு. காரணம் இதுதான்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இன்று பால்மரம் காண்பது அரிது. செம்பனையும் வீட்டுமனையும் அந்த நிலத்தை எடுத்துக்கொண்டன. முத்திரை செய்வோரும் இப்போது கணினியில் எழுத்தை அமைத்து லேசர் ஒளியால் ரப்பரைச் செதுக்குகிறார்கள். எங்கள் வகுப்பில் அந்த வசதி கிடையாது. அழிரப்பரை வாங்கிச் சிறு கத்தியால் நாங்களே வெட்டுகிறோம். முதல் பாடம், எழுத்தை இடவலம் மாற்றி வெட்டவேண்டும் என்பது. மறந்தவனுடைய 'தீபாவளி' கண்ணாடியில் பார்த்தால்தான் தீபாவளி. 'ப' ஒன்றுதான் எப்படி வெட்டினாலும் 'ப'வாகவே விழும். அதனால் சோம்பேறிகள் எல்லாரும் 'ப'வைத் தங்களுக்கு ஒதுக்கக் கேட்பார்கள். முதலில் நீர்வண்ணத்தை மெல்லப் பூசி நன்றாக உலரவிட வேண்டும். ஈரத்தில் முத்திரை வைத்தால் மை பரவி ஊறிவிடும். வெண்டைக்காயைக் குறுக்கே வெட்டினால் ஐந்து மூலைப் பூ கிடைக்கும். பழைய தபால்தலைகளைப் பூவுக்கு நடுவே ஒட்டிக்கொள்ளலாம். ஆனால் தாத்தா பெட்டியிலிருந்து எடுத்த உறை என்றால், கத்தரிக்கோல் போடுமுன் என்னிடம் காட்டவேண்டும் என்பது கட்டளை.

அந்தப் பையன் மயில் வரைந்தான். தோகையின் கண்களுக்கு என்ன செய்வது என்று தெரியாமல் இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் மாலை, அவனை அழைத்துப்போக வந்த பாட்டியை வகுப்புக்குள்ளேயே இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். நீல மைப்பட்டையைத் திறந்து, அவருடைய பெருவிரலைப் பிடித்தான். அந்த அம்மாள் சட்டென்று கையை இழுத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வாத்தியாரய்யா, இது எந்தக் கடுதாசிக்கு?"

"கடுதாசி இல்லை பாட்டி, மயில்தான்" என்றேன்.

அவர் நம்பவில்லை. அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் எழுத்து ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகே விரலைக் கொடுத்தார். உளி பிடித்துத் தேய்ந்த விரல். ரேகை சரியாக விழவில்லை. பையன் இன்னொரு முறை மை தொட்டு அழுத்தினான். ஏழு கண் வைத்து முடித்தபோது, "எட்டாவதுக்கும் இடம் இருக்குடா" என்று அவரே காட்டினார்.